மால்டாவில் இறங்கிய உன் தாத்தா

எய்யா, நல்லா இருக்கியா. இதை நோட்டுல எழுதிக்கிட்டு இருக்கேன். மருமக மலர் சாயங்காலம் கிருஷ்ணன்கோவில் காலேஜ் பஸ்ஸை விட்டு இறங்கி வந்ததும் பக்கம் பக்கமா போட்டோ எடுத்து உனக்கு அனுப்பிருவா. கப்பல்ல நெட்டு விட்டு விட்டுத்தான் கிடைக்குதுன்னு சொன்னே. எப்ப கிடைக்குதோ அப்ப படி, ஆனா வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி முழுசாப் படிச்சிரு. போன்ல சொல்லலாம்தான். நான் ரெண்டு வார்த்தை பேசுறதுக்குள்ள நீ "சரிம்மா, சரிம்மா, உடம்பைப் பாத்துக்க"ன்னு சொல்லி வச்சிருவே. எழுத்துன்னா நீ குறுக்க பேச முடியாதுல்ல. அதான் எழுதுறேன்.

மூணு நாளைக்கு முன்னாடி நீ அனுப்புன வாய்ஸ் மெசேஜை எத்தனை தடவை கேட்டிருப்பேன்னு எனக்கே தெரியல. கப்பல் செங்கடலுக்கு வெளியே நங்கூரம் போட்டு நிக்குது, உள்ளே போயி சூயஸ் கால்வாய் வழியா மேல போகணும், வழியில ராக்கெட்டு விடுதாங்க, ட்ரோன் விடுதாங்க, அதனால கம்பெனிக்காரன் எல்லாருக்கும் ஒரு பேப்பர் குடுத்திருக்கான், வர சம்மதம்னா கையெழுத்து போடணும், இல்லைன்னா பக்கத்து துறைமுகத்துல இறக்கி ஊருக்கு அனுப்பிருவான், வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம். இம்புட்டையும் என்னவோ சிவகாசி பஸ்ஸு லேட்டுங்குற மாதிரி சொல்லிட்டு, கடைசியா சிரிச்சுக்கிட்டே ஒண்ணு சொன்னே பாரு. "தாத்தா சண்டை போட்ட தண்ணிம்மா அது. பேரன் பயந்து இறங்கிட்டான்னா அவிய போட்டோ முகத்துல எப்பிடி முழிக்க? போடலாம்னுதான் இருக்கேன், நீ என்ன சொல்லுதே?"

ஏலே, கேட்டுக்க. உங்க தாத்தா அங்க சண்டை போடல. அந்தச் சண்டையை அவிய கண்ணால பாத்ததே கிடையாது. அதுக்கு ரொம்ப முன்னாடியே, மால்டாங்குற ஊர்ல, பயந்துபோயி கப்பலை விட்டு இறங்கிட்டாக. இதை இத்தனை வருஷமா உன்கிட்ட மறைச்சது நான்தான். மறைச்சது மட்டுமில்ல, மாத்தியும் சொன்னேன். நீ இப்ப கையில பேனாவை வச்சுக்கிட்டு நிக்கிறது நான் சொன்ன பொய்யை நம்பித்தான். என் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்ட மாதிரி இருக்குன்னு நான் சொன்னா அது டிவியைப் பாத்து மட்டும் சொல்றது இல்லய்யா.

நடந்ததை அப்பிடியே சொல்றேன். எங்க அப்பாவுக்கு அப்ப இருபத்திநாலு வயசு. தூத்துக்குடிக்கு போயி, அங்கேருந்து பம்பாய்க்கு போயி, ஒரு வெள்ளைக்காரன் சரக்குக் கப்பல்ல சமையல்கட்டுல வேலைக்குச் சேந்தாக. சமையல்கட்டுன்னா சமைக்கிறது இல்ல, வெங்காயம் உரிக்கிறது, ஆபீசர்மாருக்கு சாப்பாடு கொண்டு போறது, தட்டு கழுவுறது. ரெண்டு வருஷம் நல்லாத்தான் போச்சு. ஐம்பத்தாறுல கப்பல் லண்டன் பக்கம் நிக்கும்போது, வெள்ளைக்கார சர்க்காருக்கு வேணும்னு கப்பலை எடுத்துக்கிட்டாங்க. ஏத்துன சரக்கு பூராவும் பட்டாளத்து லாரி, ஜீப்பு, மணல் கலர் பெயிண்ட் அடிச்சது. எங்கே போகுதுன்னு யாரும் சொல்லல. கப்பல் மால்டாவுல போயி நின்னுச்சு. அங்க பாத்தா கண்ணுக்கு எட்டுன தூரம் போர்க் கப்பலாம். அப்பத்தான் ஒருத்தரை ஒருத்தர் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டாக, எகிப்துக்காரன் சூயஸ் கால்வாயை தன்னோடதுன்னு எடுத்துக்கிட்டான், அதைப் பிடுங்க இவங்க போறாங்கன்னு.

ஆபீசர்மாரு எல்லாரும் சிரிச்சுப் பேசிக்கிட்டுத்தான் இருந்தாங்களாம். நாலு நாள் வேலை, எகிப்துக்காரன் சத்தத்தைக் கேட்டாலே ஓடிருவான்னு. எங்க அப்பாவுக்கு இங்கிலீஷு அரைகுறைதான். ஆனா தட்டு கழுவுற ஆளு இல்லையா. ஒரு வாரமா தட்டுல வச்சது வச்சபடி திரும்பி வருது. முட்டை அப்பிடியே இருக்கு, கறி அப்பிடியே இருக்கு, காப்பி மட்டும் காலியாகுது. "சிரிக்கிறவன் பூராவும் சாப்பிடாம சிரிக்கிறான் ஏட்டி, அதைப் பாத்த பொறவுதான் எனக்கு பயம் வந்துச்சு"ன்னு சொன்னாக. அந்தக் கப்பல்ல தட்டு கழுவுன ஆளுக்குத்தான் அது தெரிஞ்சிருக்கு. மறுநாள் அப்பாவும் இன்னும் ஏழு பேரும் போயி, நாங்க இதுக்கு மேல வரல, இறக்கி விட்டுருங்கன்னு சொல்லிட்டாங்க. கேப்டன் திட்டுனானாம், மிரட்டுனானாம், ஒருத்தன் தோளைப் பிடிச்சு உலுக்குனானாம். அப்பா மூட்டையைக் கட்டிக்கிட்டு இறங்கிட்டாக. கப்பல்காரங்க வச்சிருக்க புஸ்தகத்துல ஏதோ மோசமா எழுதிக் குடுத்துட்டான். அதோட எந்தக் கப்பலும் அவியளை எடுக்கல.

நீ இப்ப என்ன கேப்பேன்னு எனக்குத் தெரியும். அந்தக் கப்பல் என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகல. அதையும் மறைக்காம சொல்லிருதேன். எகிப்து கரைக்கு போச்சு, வெளியவே நின்னுச்சு, கொஞ்ச நாள்ல திரும்பிருச்சு. அமெரிக்காக்காரனும் ரஷ்யாக்காரனும் சேந்து வெளியே போன்னு சொல்ல, வெள்ளைக்காரன் வாயை மூடிக்கிட்டு வந்துட்டான். இறங்காம கப்பல்ல இருந்த நம்மூர்ப் பக்கத்து ஆளுங்க எல்லாரும் ஒரு கீறல் இல்லாம வந்து சேந்தாங்க. எங்க அப்பா வரத்தான் லேட்டாச்சு, ஊருக்கு ஏத்திவிட கப்பல் கிடைக்கவே மாசக்கணக்காச்சு. கால்வாய்ல கப்பலை முக்கி வழியை அடைச்சுட்டாங்க, ஆப்பிரிக்காவைச் சுத்தி பம்பாய் வந்து, அங்கேருந்து ராஜபாளையம் வந்து சேரும்போது, கூட இருந்தவங்க எல்லாரும் ஊருக்கு வந்து கதை சொல்லி முடிச்சிருந்தாங்க. நம்ம பக்கத்து ஆளுகள்ல இவரு மட்டும் பாதில இறங்கிட்டாருன்னு. அதோட பேரு விழுந்துருச்சு, "பாதிக்கப்பல்"னு. பத்து வருஷம் கழிச்சுத்தான் மில்லு கேன்டீன்ல வேலை கிடைச்சு, முப்பது வருஷம் வடை போட்டாக, சாம்பார் வச்சாக. அங்கேயும் பாதிக்கப்பல்தான். "பாதிக்கப்பல், ரெண்டு டீ"ன்னு கூப்பிடுவாங்க, அவியளும் "வாரேன்"னு போவாக. அவியளுக்கு அது உறுத்தவே இல்ல. எனக்குத்தான் உறுத்துச்சு.

உங்க அப்பா வீட்ல இருந்து என்னைப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு நான் உள் ரூம்ல காப்பித் தட்டோட நிக்கிறேன். வெளியே ஒரு பெரிய மனுசன், அவுக பக்கத்து ஆளு, சத்தமா கேக்கான். "கப்பல்ல பாதில இறங்குன ஆளு, பொண்ணையும் பாதில திருப்பிக் கூட்டிட்டு வந்துர மாட்டீகளே?" எல்லாரும் சிரிச்சாங்க. எங்க அப்பாவும் சிரிச்சாக. அதுதான் எனக்கு தாங்க முடியல. காப்பி ஆறிப்போற வரைக்கும் நான் வெளியவே வரல. உங்க அப்பா நல்ல மனுசன், அவரு அன்னைக்கு சிரிக்கலைன்னு பொறவு சத்தியம் பண்ணிச் சொன்னாரு. ஆனா எனக்கு அந்தச் சிரிப்பு இப்ப வரைக்கும் காதுல கிடக்கு.

கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு நாள் அப்பாகிட்டயே கேட்டேன். நான் அப்ப சத்திரப்பட்டியில பேண்டேஜ் துணி மடிக்கிற வேலைக்கு போயிக்கிட்டு இருந்தேன், நாலு பேரு நாலு விஷயம் பேசுறதைக் கேட்டு கொஞ்சம் அறிவு வந்திருந்துச்சு. "எப்பா, நீங்க வெள்ளைக்காரன் அநியாயமா சண்டைக்கு போறான்னுதான இறங்குனீக? நம்ம நாடு அந்தச் சண்டையை எதுத்துச்சாமே. அப்பிடின்னா நீங்க செஞ்சது பெரிய விஷயம்ல?" அவிய வெங்காயம் நறுக்கிக்கிட்டு இருந்தாக. தலையை நிமித்தாமலே சொன்னாக, "அதெல்லாம் ஊருக்கு வந்து பேப்பர்ல பாத்துதான் ஏட்டி தெரியும். எனக்கு பயமா இருந்துச்சு. இறங்கிட்டேன்." கொஞ்சம் மாத்திச் சொன்னாத்தான் என்ன, நாலு பேருக்கு முன்னாடி நான் தலை நிமிந்து நடப்பேன்லன்னு அழுதேன். "நீ என்னமும் சொல்லிக்க. என்னைச் சொல்லச் சொல்லாத"ன்னு சொல்லிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தாக. அதையே நான் அனுமதின்னு எடுத்துக்கிட்டேன்.

உன்கிட்ட எப்ப ஆரம்பிச்சேன்னு சரியா ஞாபகம் இல்ல. நீ சோறு திங்க அடம் பிடிக்கும்போது ஏதோ ஒரு கதையாச் சொல்லியிருப்பேன். தாத்தா கப்பல்ல போனாக, பெரிய சண்டை, குண்டு வெடிச்சுச்சு, தாத்தா பயப்படவே இல்ல. நீ வாயைத் திறந்துக்கிட்டு கேப்பே, நான் உருண்டையை உள்ளே தள்ளிருவேன். வருஷம் ஆக ஆக கதை பெருசாச்சு. நீ அஞ்சாப்பு படிக்கும்போது சுதந்திர தின விழாவுல அதை மேடையிலயே சொன்னே, ஞாபகம் இருக்கா? "என் தாத்தா சூயஸ் போரில் கலந்துகொண்ட மாவீரர்"னு. தாத்தா முன் வரிசையில சேர்ல உக்காந்திருந்தாக. ஹெட்மாஸ்டர் அவியளை எந்திரிச்சு நிக்கச் சொல்லி கை தட்டச் சொன்னாரு. எந்திரிச்சு நின்னாக. நான் அவிய முகத்தைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். கொலைக் குத்தத்துக்கு பேரு கூப்பிட்ட மாதிரி நின்னாக. விழா முடியிறதுக்கு முன்னாடியே நடந்து வீட்டுக்கு போயிட்டாக. உனக்கு குடுத்த மிட்டாயை தாத்தாவுக்குன்னு நீ பத்திரமா கொண்டு வந்தே.

வீட்டுக்கு வந்ததும் என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாக. "பையன்ட்ட எப்ப சொல்லப் போற?" நான் சொல்ல மாட்டேன்னு சொன்னேன். நெஞ்சைத் தொட்டுச் சொல்றேன், அப்பிடியேதான் சொன்னேன், கோவமா வேற சொன்னேன். நீங்க வாழ்நாள் பூராவும் ஊரை சிரிக்க விட்டீக, என் பிள்ளையைப் பாத்து எவனும் சிரிக்கக் கூடாதுன்னு. அவிய என்னைப் பாத்தாக, சட்டையைக் கழட்டி ஆணியில மாட்டுனாக, கேன்டீனுக்கு லேட்டாச்சுன்னு கிளம்பிட்டாக. கேன்டீன் வேலை முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆகியிருந்துச்சு அப்ப. எங்க போனாகன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

அவிய செத்தப்ப நான் செஞ்சது இன்னும் மோசம். நீ சின்னவன், வெளியே தெருவுல நின்னுக்கிட்டு இருந்தே, உனக்குத் தெரியாது. போஸ்டர் அடிக்கவும் மாலை போட்டு வைக்கவும் போட்டோ வேணும். இருந்தது ரேஷன் கார்டுக்கு எடுத்த சின்னப் படம், பனியனோட இருக்காக. ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஸ்டுடியோவுக்கு கொண்டு போனேன். அந்தத் தம்பி கம்ப்யூட்டரைத் தொறந்து வச்சுக்கிட்டு, "அக்கா, என்ன டிரெஸ் போட்டுவிடணும்? வேட்டி சட்டை இருக்கு, கோட்டு டை இருக்கு, போலீஸ் இருக்கு, வக்கீல் இருக்கு"ன்னு கேட்டான். நம்ம பக்கம் செத்துப்போன எம்புட்டுப் பேரு உயிரோட இருக்கும்போது போடாத கோட்டைப் போட்டுக்கிட்டு சுவத்துல தொங்குதாங்க, உனக்குத் தெரியும்ல. அவன் கேட்டதும் என் வாயில இருந்து வந்துருச்சு, "கப்பல் கேப்டன் இருக்கா தம்பி?"ன்னு. தேடினான், கிடைச்சுச்சு. வெள்ளைச் சட்டை, தோள்ல தங்கப் பட்டை, வெள்ளைத் தொப்பி. தாத்தா தலையை அதுல கொண்டு வந்து ஒட்டினான். காது ரெண்டும் தொப்பிக்குள்ள சரியா உக்காரலைன்னு செதுக்கி எடுத்தான். பாத்தா பெரிய மனுசன் மாதிரிதான் இருந்தாக. போஸ்டர்ல "சூயஸ் போர் வீரர்"னு போடச் சொல்லிட்டு வந்தேன்.

மில்லுல கூட வேலை பாத்த ஆளுங்க பத்துப் பதினஞ்சு பேரு துட்டி கேக்க வந்தாங்க. எல்லாரும் போஸ்டரைப் பாத்துட்டு உள்ளே வந்தாங்க. ஒரு வயசானவரு மட்டும் போட்டோ முன்னாடி நின்னு ரொம்ப நேரம் பாத்துட்டு, என் பக்கம் திரும்பி, "ஏத்தா, இது யாரு? எங்க பாதிக்கப்பலை எங்கே?"ன்னு கேட்டாரு. கேலியா கேக்கலய்யா. நிசமாவே தேடினாரு. அவருக்கு கண்ணெல்லாம் தண்ணி. முப்பது வருஷம் எங்க அப்பா கையால டீ வாங்கிக் குடிச்ச மனுசன். எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு, நான் அசிங்கம்னு நினைச்சுக்கிட்டு இருந்த பேரை அவங்க பிரியமாத்தான் கூப்பிட்டிருக்காங்கன்னு. நான் உள்ளே போயிட்டேன். போட்டோவை மட்டும் மாத்தல. நீ அதுக்குக் கீழே உக்காந்துதான் படிச்சே, பரிச்சைக்குப் போகும்போது அதைத்தான் கும்பிட்டுட்டுப் போனே, கப்பல் படிப்புதான் படிப்பேன்னு நின்னதும் அதைக் கையைக் காட்டித்தான்.

ஒரு தடவை சொல்லியிருக்கலாம். அய்யனார் கோயில் ஆத்துல நீ மாட்டிக்கிட்டியே, அன்னைக்கு. மலையில மழை, ஆத்துல தண்ணி கலங்கி வருதுன்னு எல்லாப் பயலுகளும் கரை ஏறிட்டானுக. நீ மட்டும் அக்கரைக்கு போயி காட்டுறேன்னு போயி, நடுப் பாறையில நின்னுக்கிட்டே. மத்தியானம் பூராவும் தண்ணி உன் முழங்காலுக்கு ஏறி, தொடைக்கு ஏறி, ஃபாரெஸ்ட்டுக்காரங்க கயித்தைப் போட்டு இழுத்துக் கரையில போட்டாங்க. நான் ஓடி வந்து உன்னை அடிச்ச அடியில என் வளையல் ரெண்டு உடைஞ்சுச்சு. எதுக்குலே போனேன்னு கேட்டதுக்கு நடுங்கிக்கிட்டே சொன்னே, "தாத்தா பேரன் பயந்தா நல்லாவா இருக்கும்?" சொல்லு, அதைக் கேட்டு ஒரு தாய்க்கு என்ன தோணணும்? எனக்கு பெருமையா இருந்துச்சுய்யா. ஈரத்தோட உன்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, பாத்தியா, என் பிள்ளையைன்னு நினைச்சேன். இந்த ஒண்ணை நினைச்சாத்தான் இப்ப என்னையே எனக்குப் பிடிக்கல.

இந்த மூணு நாளா எனக்கு சோறு இறங்கல. டிவியைப் போட்டா சிவப்பு அம்புக்குறியா போட்டுக் காட்டுதான், அணைச்சா அதைவிட மோசமா மனசுல ஓடுது. நேத்து நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து திருவண்ணாமலைக்கு போயிட்டு வந்தேன். முட்டி வலியோட அம்புட்டுப் படியும் ஏறி பெருமாள் முன்னாடி நின்னா, என்ன கேக்கணும்னு தெரியல. கையெழுத்து போடாம வந்துரணும்னு கேக்கவா, போட்டாலும் பத்திரமா வரணும்னு கேக்கவா? ரெண்டையும் கேட்டா ஒண்ணு பொய்யாப் போயிருமோன்னு ஒண்ணும் கேக்காம இறங்கி வந்துட்டேன். மலர் என்கிட்ட தைரியமா பேசிக்கிட்டு திரியுறா. ஆனா பல்லு விளக்கும்போது கூட போனைக் கையில வச்சுக்கிட்டுத்தான் விளக்குறா. "அவரு இஷ்டம் அத்தை, நான் தடுத்தா நாளைக்கு என்னைச் சொல்லக் கூடாதுல்ல"ங்குறா. அவளும் அந்தப் போட்டோவைப் பாத்துத்தான் அப்பிடிச் சொல்லுதா.

அவளை விட்டு அந்தப் பழைய சண்டையைப் பத்தி போன்ல தேடி வாசிக்கச் சொன்னேன். உலகத்துல பாதியை ஆண்ட வெள்ளைக்காரன், இருந்த எல்லாம் கையை விட்டுப் போன பொறவு, அந்தக் கால்வாய்க்காகத்தான் கடைசியா தன் இஷ்டத்துக்கு கை ஓங்குனானாம். அதோட அவன் கதை முடிஞ்சுச்சுன்னு போட்டிருக்கு. கைல ஒண்ணும் இல்லாமப் போன பொறவும் பழைய மிதப்புல தெருவுல சண்டைக்கு நிக்கிற ஆளுகளை நாம பாத்ததில்லையா? அவன் விழுகுறது பெருசு இல்ல, பக்கத்துல நிக்கிறவன் மேல விழுவான். அங்க எம்புட்டு ஜனம் செத்துச்சு. அவங்களோட கால்வாய், அவங்களோட ஊரு. நான் உனக்கு சொன்ன கதையில அவங்க ஒருத்தர் கூட வரலையேன்னு மலர் வாசிக்க வாசிக்கத்தான் உறைச்சுச்சு. வாழ்நாள் பூராவும் பேண்டேஜ் துணி மடிச்சு பெட்டியில போட்டவ நான். அது எந்த ஊரு காயத்துக்குப் போகுதுன்னு ஒரு நாள் கூட கேட்டதில்ல.

இப்பவும் பெரிய பெரிய போர்க் கப்பல் காவலுக்கு வரும், நம்ம கப்பலுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நீ சொல்லுதே. ஆகாம இருக்கலாம்யா. எண்பது கப்பல் போனா எழுபத்தொன்பது போய்ச் சேந்துருமா இருக்கும், எனக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. இந்தக் கேள்வியை நானும் எங்க அப்பாகிட்ட கேட்டவதான். "அந்தக் கப்பல்தான் நல்லபடியா திரும்பி வந்துச்சே, இறங்காம இருந்திருந்தா நீங்களும் வந்திருப்பீக, வேலையும் போயிருக்காது, பேரும் விழுந்திருக்காது"ன்னு. அதுக்கு அவிய, "வந்த பொறவுதான ஏட்டி தெரியுது, வருவோம்னு"ன்னாக. அன்னைக்கு எனக்கு அது சால்ஜாப்பாத்தான் பட்டுச்சு. இந்த மூணு நாள்ல எனக்கு அது புரிஞ்சுபோச்சு.

உன் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியாம இல்ல. செகண்ட் இன்ஜினியர் ஆகுறதுக்கு இந்த ஒரு டிரிப்புதான் பாக்கி. கூட இருக்கவங்களை விட்டுட்டு இறங்கினா அவங்களுக்கு வேலை கூடும். கம்பெனிக்காரன் மறுபடி கூப்பிடாமப் போனாலும் போவான், சட்டப்படி ஒண்ணும் பண்ண முடியாதுன்னாலும் மனசுல வச்சுக்கிருவான். எங்க அப்பாவுக்கு அப்பிடித்தான் ஆச்சு, அதனால உனக்கு ஆகாதுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். பொய் சொன்னது போதும். கையெழுத்து போடணும்னு உன் அறிவு சொன்னா, இன்ஜின் ரூம்ல இருக்க மத்தவங்களை நினைச்சு மனசு சொன்னா, அது வேற. அப்ப நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துக்கிருவேன். ஆனா தாத்தா பேருக்காகப் போடாத. அப்பிடி ஒரு தாத்தா உனக்கு இல்ல. உனக்கு இருந்த தாத்தா, பயமா இருக்குன்னு எட்டுப் பேரா போயி வெள்ளைக்காரன் முகத்துக்கு நேரா சொல்லிட்டு மூட்டையைத் தூக்கிட்டு வந்த மனுசன். பொறவு முப்பது வருஷம் ஊரு சிரிக்கச் சிரிக்க அந்த ஊருக்கே டீ போட்டுக் குடுத்த மனுசன். அதை ஒரு தடவை கூட மாத்திச் சொல்லல. எனக்கு அந்த தைரியம் வரல, அதான் கேப்டன் சட்டை தேடிப் போனேன்.

உன்னை ஒண்ணு கேக்குறேன், மறைக்காம பதில் சொல்லு. அந்த வாய்ஸ் மெசேஜ்ல நீ சிரிச்சே. நீ பிறந்ததுல இருந்து உன் சிரிப்பை கேட்டுக்கிட்டு இருக்கவ நான், அது உன் சிரிப்பு இல்ல. நல்லா சாப்பிடுதியா அங்க? மெஸ்ல வச்சதைத் திங்கியா, இல்ல தட்டை அப்பிடியே தள்ளி வச்சிட்டு எந்திரிச்சுப் போறியா? உனக்கு பயமா இருக்குன்னா இருக்குன்னு சொல்லு. என்கிட்ட சொல்லு, மலர்கிட்ட சொல்லு, உங்க கேப்டன்கிட்ட சொல்லு. இந்த வீட்ல அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாதுன்னு வச்சது நான். நானே எடுத்துட்டேன்.

என் மனசுல இருக்கதையும் சொல்லிருதேன், பொறவு அம்மா எதையும் வெளியே சொல்லலையேன்னு நினைக்காத. எனக்கு நீ இறங்கி வரணும். வந்து கொஞ்ச நாள் சும்மா இரு. வேலை இன்னைக்கு இல்லைன்னா நாளைக்கு, கப்பல் இல்லைன்னா கரையில. எது பேசுறதா இருந்தாலும் எதுக்க உக்காந்து பேசிக்கிரலாம்.

நீ இறங்கி வந்தா இந்தத் தெரு பேசும். பேசாமலா இருக்கும். பால் வாங்கப் போனா கேப்பாங்க, தண்ணி பிடிக்கும்போது கேப்பாங்க, கோயில்ல பக்கத்துல நின்னு கும்பிடுறவ கூட கண்ணைத் திறந்து கேப்பா, "என்ன மதினி, மகன் கப்பல்ல இருந்து பாதில வந்துட்டானாமே, பயந்துட்டானோ?"ன்னு. அவங்களுக்கு பதில் சொல்றது என் பாடு, நீ அதை நினைச்சு ஒரு நிமிஷம் கூட யோசிக்காத. நான் எல்லாத்தையும் யோசிச்சு வச்சிட்டேன். உடம்புக்கு முடியலைன்னு சொல்ல மாட்டேன், லீவுன்னு சொல்ல மாட்டேன், கம்பெனியே அனுப்பிருச்சுன்னு சொல்ல மாட்டேன். "ஆமா மதினி, பயந்துதான் வந்துட்டான், உள்ளே சாப்பிட்டுக்கிட்டு இருக்கான்"னு சொல்லுவேன்.